முறையில் கால் பங்கு

கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா போட்ட கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆத்திரம். தப்பாகப் போட்டிருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கென்று ஒரு பெருமாள் உண்டு. சாண் உயர விக்ரகம், கூடவே நாலைந்து சாளக்கிராமங்கள். என் மாமனாரின் தாத்தா ஆராதித்து வந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள், நிலத்தைப் பிரித்தார்கள், பாத்திரம் பண்டத்தைப் பிரித்தார்கள். பெருமாளை என்ன செய்வது? முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் ஒரு கிளையின் வீட்டில், அடுத்த மாதம் அடுத்த கிளையின் வீட்டில். மாதம் பிறக்கும் அன்று காலையில் குடை பிடித்து, ஒரு வீதியிலிருந்து இன்னொரு வீதிக்கு அவரை எழுந்தருளப் பண்ணுவார்கள்.

என் அப்பா வையம்பட்டியில் தபால் ஆபீஸில் இருந்தார். பெண் பார்த்துவிட்டு அவர்கள் போன அன்றே கணக்குப் போட்டுவிட்டார். மூன்று கிளை, அதில் மாமனார் கிளைக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கிளையில் மாமனாரும் அவர் தம்பியும். மூன்றில் ஒன்றில் பாதி, ஆறில் ஒன்று. மாமனாருக்கு மூன்று பிள்ளைகள். ஆறில் ஒன்றில் மூன்றில் ஒன்று, பதினெட்டில் ஒன்று. பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை முறை வரும் என்று தெரிந்துவிடும். பதினெட்டில் ஒரு பங்கு, பதினெட்டு மாதத்துக்கு ஒரு தடவை.

"ஒன்றரை வருஷத்துக்கு ஒரு மாசம்தானே! பெருமாள் கைங்கர்யம், கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அப்பா. நானும் தலையை ஆட்டினேன். பள்ளி இறுதி வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள் நான். எனக்கும் அந்த விடை சரியாகத்தான் பட்டது.

கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, பங்குக்காரர்கள் எல்லாம் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தார்கள் என்பது. மாமனாரின் தம்பி பிள்ளையோடு டெல்லியில். என் கணவரின் அண்ணா பம்பாயில். தம்பி ஜாம்ஷெட்பூரில். அவர்கள் முறையையெல்லாம் யார் செய்வது? ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவர்கள். அதாவது மாமனார். அதாவது மாமியார். மாமியாரின் கைமூட்டுகள் வீங்கி வெண்கலப் பானையைத் தூக்க முடியாமல் போயிருந்தது. அதாவது நான். பதினெட்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று சொன்ன முறை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தது.

முறை மாதத்தில் அந்த வீடு எனக்கு வாசல் இல்லாத வீடு. விடியுமுன் கிணற்றடியில் குளித்து, முதல் நாள் யாரும் தொடாமல் உயரக் கொடியில் உலர்த்திய மடிப் புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பெருமாளுக்குத் தளிகை. சமைத்து, மாமனார் ஆராதனம் முடித்து, பெருமாள் கண்டருளி, அதாவது நைவேத்தியம் ஆகி, எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்க உச்சி வேளை தாண்டிவிடும். சாயங்காலம் மறுபடியும். இடையில் வாசலுக்குப் போய் யாரையாவது தொட்டுவிட்டால் மறுபடி குளியல். ஒரு நாள் பால்காரரின் பசு வாலால் என்னைத் தட்டிவிட்டது. அதற்கும் குளித்தேன். கோபத்தில் அந்தப் பசுவிடம் நான் சொன்ன வார்த்தைகளைப் பெருமாளும் கேட்டிருப்பார்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. டவுனில்தான் பள்ளி. பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டி இறங்க வேண்டியதுதான். விண்ணப்பம் வாங்கி வந்தது என் கணவர். பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதி தூரம்தான் கொண்டுபோவார். மிச்சப் பாதி தானாக நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

மாமனார் தடுக்கவில்லை. "பேஷா போயிட்டு வா. ஆனா முறை நாள்ல மடி போகப்படாது. அவ்வளவுதான்" என்றார். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம், அவரிடம் வாதாட முடியாது.

ஜூனில் சேர்ந்தேன். முதல் முறை மாதம் வந்தது. ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று கணக்கு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, கோபப்படவும் இல்லை.

"உங்க வீட்டு வழக்கத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா முக்கால் பங்கு நாள் வந்திருந்தாத்தான் பரீட்சைக்கு உக்கார விடுவாங்க. மூணு மாசத்துல ஒரு மாசம் வரலைன்னா உனக்கு மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். பாத்துக்க" என்றார்.

பன்னிரண்டில் எட்டு எனக்கு இருக்கிறது, பன்னிரண்டில் ஒன்பது வேண்டும். வித்தியாசம் பன்னிரண்டில் ஒன்று. இவ்வளவு சின்ன ஒரு துண்டு என் கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மனிதர் உண்மையிலேயே அலைந்தார். மற்ற இரண்டு கிளைக்காரர்களையும் போய்ப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் மல்லிகைப் பூவோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"முடிச்சுட்டேன். இனிமே ஒரு மாசம் கிடையாது. பதினஞ்சே நாள்! பாதியாக் குறைச்சாச்சு. அவாத்துப் பொம்மனாட்டிகளுக்கும் பரம சந்தோஷம். ஒரு மாசம் ஒரேயடியா முடியலைன்னு அவாளே சொல்லிண்டிருந்தாளாம்."

மாமனாரும் ஒப்புக்கொண்டார். எனக்கானால் தலைகால் புரியவில்லை. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன். அந்த வீட்டில் அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்துவிட்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் வகுப்பில் பின்ன வகுத்தல் நடந்தது. பின்னத்தால் வகுப்பதென்றால் அதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று பாடம். சொந்தமாக ஓர் உதாரணம் யோசித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். எனக்கு வீட்டிலேயே உதாரணம் இருக்கிறதே என்று சந்தோஷமாகக் கொல்லைத் துவைக்கிற கல்லில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் பார்த்தேன். ஒரு முறைக்கு அரை மாதம். மூன்று கிளையும் அரை அரை மாதமாகச் சுற்றி வர ஒன்றரை மாதம். அரையை ஒன்றரையால் வகுக்க வேண்டும். ஒன்றரை என்பது இரண்டில் மூன்று. தலைகீழாகப் போட்டால் மூன்றில் இரண்டு. அரையை மூன்றில் இரண்டால் பெருக்கினால், மேலே இருக்கிற இரண்டும் கீழே இருக்கிற இரண்டும் அடிபட்டுப் போகும். மிச்சம் மூன்றில் ஒன்று.

மறுபடியும் போட்டேன். மறுபடியும் மூன்றில் ஒன்று. முறையைப் பாதியாக்கியபோது அது திரும்பி வருகிற காலமும் பாதியாகிவிட்டது. மேலே குறைத்ததைக் கீழேயும் குறைத்து, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எலி பொறிக்குள்ளேயே இடம் மாற்றி உட்கார்ந்த கதை.

கணவரிடம் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாதியாச்சேடி" என்றார்.

"பாதியாச்சு. ரெண்டு மடங்கு சீக்கிரமா வந்துடறதே!"

"அப்படி இருந்தாலும், ஒரேயடியா ஒரு மாசம்ங்கறதுக்கு இது தேவலை இல்லையா?" என்றார். தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினேன். அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

வேறு வழியில்லாமல் மாமனாரிடமே கேட்டேன். மாதவிலக்கு நாட்களில் நான் கொல்லை அறையில் ஒதுங்கி இருப்பேன். ஆத்துக்கு தூரம் என்போம். குளித்துச் சுத்தமாகிற வரை நாலு நாள் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது. அந்த நாலு நாளும் பெருமாளுக்கு மாமனார்தான் தளிகை செய்வார். நன்றாகவே செய்வார். "அப்பா, அந்த நாலு நாள் நீங்க பண்றேளே. முறையில இன்னும் கொஞ்ச நாள் நீங்களே பண்ணப்படாதா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாட்டுப்பொண் ஆத்துல நன்னா இருக்கறச்சே ஆம்பளை அடுப்பண்டை நின்னா நாலு பேர் என்னம்மா சொல்வா?" என்றார். எங்கள் பங்கு பதினெட்டில் ஒன்றுதானே, ஆறு மடங்கு செய்கிறோமே என்றும் சொல்லிப் பார்த்தேன். "பங்கெல்லாம் நமக்குத்தான். பெருமாளுக்கு ஏதும்மா பங்கு? அவர் தெனமும் முழுசாத்தானே அமுது பண்ணணும்" என்றார். சொன்னது அழகாகத்தான் இருந்தது. அந்த அழகான வார்த்தைக்கு விறகு ஊதுகிறவள் நான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த முறை தொடங்கிய வாரம், புளியைக் கரைத்துக்கொண்டே வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது பன்னிரண்டில் ஒன்று. கையில் இருப்பது மூன்றில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்றை மூன்றில் ஒன்றால் வகுத்தால், தலைகீழாக்கி மூன்றால் பெருக்கு, பன்னிரண்டில் மூன்று, அதாவது கால். முறையில் கால் பங்கு. யாராவது கால் பங்கை வாங்கிக்கொண்டால் நான் தப்பித்தேன்.

மாமியார் எட்ட உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "எதுல கால் பங்கு?" என்று கேட்டார்.

"நம்ம முறையிலதாம்மா. பதினஞ்சுல கால்."

"அப்படீன்னா எத்தனை நாள்?"

"நாலு நாள் கிடைச்சாப் போறும்."

மாமியார் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வாழைக்காயை நறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் நான் கிணற்றடிக்குப் போகும்போது கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"கேட்டேளா? அவ இன்னிக்கு ஆத்துக்கு தூரம். நீங்களே தளிகை பண்ணிடுங்கோ."

நான் வாளியோடு அப்படியே நின்றேன். எனக்கு ஒன்றும் இல்லை. மாமியார் கொல்லைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நீ கேட்ட நாலு நாள் ஆச்சா? கொல்லைக் கதவு வழியாப் போ. அவர் கண்ணுல படாதே. நிக்காதே, பஸ் போயிடும்" என்றார்.

இதை வேடிக்கையாக நினைத்துவிட வேண்டாம். மாமியார் மடி ஆசாரத்தில் மாமனாரைத் தூக்கிச் சாப்பிடுகிறவர். அந்தப் பசு வால் பட்டதற்கு என்னைக் குளிக்கச் சொன்னதே அவர்தான். அப்படிப்பட்டவர் பெருமாள் காதுபடப் பொய் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொய்தானே என்று அந்த நாலு நாளும் சலுகை கிடையாது. தனித் தட்டு, தனிச் சொம்பு, கொல்லை அறையில் ஈச்சம்பாய். பகலில் மட்டும் பள்ளிக்கூடம். வீட்டை விட்டு ஒதுக்கி வைத்த நாட்களில்தான் நான் வெளியே போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையிலும் எனக்குத் திங்கட்கிழமை தவறாமல் தூரம் வந்தது. நிஜமாக வருகிறபோதும் வரும். ஒரு தடவை இரண்டும் ஒரே முறையில் வந்து, மாமனார் கவலைப்பட்டுப்போய் எனக்காக மாதவிலக்குக் கோளாறுக்கான அசோகாரிஷ்டம் வாங்கி வந்தார். குடித்தேன். பொய்யைவிட அதைக் குடித்ததுதான் கஷ்டமாக இருந்தது. கணவருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

முதல் வருஷம் முக்கால் பங்கை ஒட்டிக் கரையேறினேன். இரண்டாம் வருஷமும் அப்படியே வந்து, பரீட்சைக்கு முன்னால் ஒரே ஒரு முறை மிச்சம் இருந்தது. மாசி மாதம். அந்த நாலு நாள் கிடைக்காவிட்டால் முக்காலுக்குக் கீழே போய்விடுவேன். அப்போதுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகப் போகிறது. மாமியார் எனக்குக் குழந்தை வேண்டுமென்று வேண்டிக்கொள்ளாத சன்னதி ஸ்ரீரங்கத்தில் கிடையாது. நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். கடுகு தாளித்த வாசனைக்கு நான் முற்றத்துக்கு ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொல்லையில் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எத்தனை நாளாச்சு?"

"நாப்பது தாண்டிடுத்தும்மா."

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமனாரிடம் சொன்னால் நாளைக்குத் தூரம் கிடையாது. பஸ்ஸும் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியைப் பாலம் தாண்டி யார் அனுப்புவார்கள்? மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குத் திங்கட்கிழமை இல்லையோ" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று நான் முடிவு செய்துவிட்டேன், போனது போகட்டும் என்று. வயிற்றில் குழந்தையோடு இருக்கிறவளைப் பார்த்துத் தூரம் என்று சொல்வது எங்கள் வீடுகளில் வாயில் வரக்கூடாத அபசகுனம். அதை அவரிடம் கேட்க எனக்கு வாயில்லை. காலையில் எழுந்து மடிப் புடவையை எடுக்கக் கோலைக் கையில் எடுத்தேன்.

"கேட்டேளா?" என்று கூடத்தில் குரல் வந்தது. கொஞ்சம் நின்றது. "அவ இன்னிக்கு ஆத்துக்கு தூரம்."

மாமனார் "சரி, சரி" என்று சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமியார் பெருமாள் இருந்த பக்கம் திரும்பி, வீங்கிய கைகளால் கன்னத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகப் போனேன்.

பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன். குழந்தை விஷயத்தை மாமனாரிடம் பங்குனி முடிந்துதான் சொன்னார்கள். அவர் பஞ்சாங்கம் பார்த்து மாதக் கணக்குப் போடுகிறவர். தானே தளிகை செய்த அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அந்தக் கணக்கை யார் திருத்துவது?

என் பிறந்த ஊரில் ஆஸ்பத்திரி இல்லாததால் பிரசவம் டவுனில். ஐப்பசியில் பையன் பிறந்தான். பத்து மாதம் நிறைந்து, கொழுகொழுவென்று, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். மாமனார் கணக்குப்படி அது எட்டாம் மாதம். ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைத்தாலும் பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை தங்காது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை, வெறும் ஆறுதலுக்குச் சொன்னதாக மாமனார் எடுத்துக்கொண்டார். குரலை உயர்த்தாத மனிதர் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சாப்பிடப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகில் இருந்தார். அந்தத் திங்கட்கிழமைத் தூரம் பொய் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மாமனார் எழுந்து சாப்பிடப் போவார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வருஷமாகப் பெருமாள் காதுபடச் சொன்ன பொய்யெல்லாம் வெளியே வந்துவிடும். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏண்டி, இவன் தங்குவானா?" என்று மாமனார் வாசற்படியில் நின்று கேட்டார்.

"தங்குவான்" என்றார் மாமியார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். சரியாக இருந்த துணியைத்தான் மறுபடியும் சரிசெய்தார். மாமனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் பெஞ்சுக்குப் போய்விட்டார்.